புகையிரதம் ஓடாத தீவில் ஒரு புகையிரத விளையாட்டு

தண்டவாளம் ஓர் அங்குலமேனும் இல்லாத ஊரிலே புகையிரத விளையாட்டின் விதிகளைப் பற்றிப் பேசுவதா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். இறுப்பிட்டி, யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே, புங்குடுதீவைச் சேர்ந்த ஒரு சிற்றூர். அங்கிருந்து யாழ்ப்பாண நகருக்குச் செல்வோர் வாணர் பாலத்தைக் கடந்து வேலணைக்கும், பின்னர் பண்ணைப் பாலத்தைக் கடந்து நகருக்கும் செல்லுதல் வேண்டும். இரு கடலையும் கடந்த பின்னரே தண்டவாளம் கண்ணிற் படும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகின்றவர்கள் அதே தீவிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலே படகேறுகின்றனர். ஆகவே இவ்வூர்ப் பிள்ளைக்குப் படகும் பஸ்ஸும் வீட்டுப் பிள்ளைகள், புகையிரதமோ விருந்தாளி.

ஆயினும், ஓரிடத்தை மற்றோரிடத்தோடு இணைப்பது எத்துணை அரியது, இணைப்பு அறுந்தால் வரும் இழப்பு எத்தகையது என்பவற்றைத் தீவகத்தாரைப் போல அறிந்தவர்கள் வெகு சிலரே. நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட விளையாட்டின் உயிர்நாடியும் அதுவேயாம். அன்றியும், போர்க்காலத்தில் ஊரைவிட்டுப் பெயர்ந்து கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், இங்கிலாந்து முதலிய நாடுகளிற் குடியேறியவர்களின் பிள்ளைகள் இன்று விடுமுறைக்கு ஊர் வருகின்றனர். ஆச்சிக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையே பொதுவாகப் பேசிக்கொள்ளும் சொற்கள் சிலவாக இருக்கலாம். ஆனால், ஒரு மேசையைச் சுற்றி இருந்து ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு விளையாடும்போது சொற் குறைவு ஒரு குறையாகத் தோன்றுவதில்லை. விதியைச் சரிவரச் சொல்லிக்கொடுத்தால் ஆச்சி மேசையில் இருப்பார்; பிழைபடச் சொன்னால் பத்து நிமிடத்திற் சாய்மனைக் கதிரைக்குத் திரும்பிவிடுவார். ஆதலால் விதிகளைக் கற்பதும் கற்பிப்பதும் சிறு காரியமன்று.

விளையாட்டின் வரலாறு

புகையிரதத்தைப் பொருளாகக் கொண்ட பலகை விளையாட்டுகள் பலவுண்டு. நம் வீடுகளிற் பலருக்கும் பழக்கமான 'மொனோபொலி' பலகையின் நான்கு பக்கங்களிலும் ஒவ்வொரு புகையிரத நிலையம் அமைந்திருத்தலை வாசகர்கள் அறிவர். பிரான்சிஸ் டிரெஷம் என்ற ஆங்கிலேயர் 1974இல் வெளியிட்ட '1829' என்னும் விளையாட்டு, புகையிரதக் கம்பனிகளின் பங்குகளை வாங்கி விற்று நடத்தும் நீண்ட விளையாட்டாகும். அவரே 1989இல் இந்திய இருப்புப் பாதைகளை வைத்து '1853' என்ற மற்றொன்றையும் ஆக்கினார். பம்பாயிலிருந்து தானாவுக்கு இந்தியாவின் முதற் பிரயாணிகள் புகையிரதம் ஓடிய ஆண்டு 1853 என்பது மாணவர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. இவை முதியோருக்கும் பொறுமைசாலிகளுக்கும் உரியன. ஒரு முழுநாளையும் விழுங்கவல்லன.

குடும்பத்தார் எல்லோரும் ஒரு மணி நேரத்துள் ஆடி முடிக்கத்தக்கது 'டிக்கெட் டு ரைட்' என்பது. அலன் மூன் என்பவர் இதனை ஆக்கினார். 'டேஸ் ஒவ் வொண்டர்' என்ற நிறுவனத்தார் 2004இல் வெளியிட்டனர். அவ்வாண்டே ஜெர்மனியில் ஆண்டுதோறும் சிறந்த விளையாட்டுக்கு வழங்கப்படும் பரிசும் இதற்குக் கிடைத்தது. இருவர் முதல் ஐவர் வரை ஆடலாம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றது எனப் பெட்டியிற் குறித்திருக்கின்றனர். சிறுவர்க்கென 2016இல் வெளிவந்த எளிய பதிப்பை ஆறு வயதுப் பிள்ளையும் ஆடலாம்.

விதிநூலின் தொடக்கத்தில் ஒரு சிறு கதை உண்டு. எண்பது நாளில் உலகைச் சுற்றிவருவதாகப் பந்தயம் பிடித்த பிலியஸ் பொக் என்பவரின் கதையை ஜூல் வேர்ண் என்ற பிரெஞ்சு ஆசிரியர் எழுதினார். அப்பந்தயம் நிகழ்ந்து 28 ஆண்டுகளின் பின், 1900ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆம் திகதி, நண்பர் சிலர் கூடி, ஏழு நாளில் வட அமெரிக்காவின் நகரங்களைப் புகையிரதத்திற் சென்று காண்பவர் யார் என்று புதுப் பந்தயம் கட்டுகின்றனராம். அப்பந்தயமே விளையாட்டு.

மேசையில் இருப்பவை

விதிகளைச் சொல்லுமுன், பொருள்களுக்குத் தமிழிற் பெயரிட்டுக்கொள்வது நன்று. பெயர் ஒன்றாக இல்லாவிடில் விளக்கமும் குழம்பிவிடும். நாம் இங்கு வழங்கும் பெயர்கள் வருமாறு: நகரிலிருந்து நகருக்குச் செல்லும் கோடு 'பாதை', பாதையில் வைக்கும் சிறு பிளாஸ்ரிக் வண்டி 'பெட்டி', கையில் எடுக்கும் நிறக் கடதாசி 'வண்டிக் கடதாசி', எந்நிறமாகவும் கொள்ளத்தக்க பல்வண்ணக் கடதாசி 'இயந்திரக் கடதாசி', இரண்டு நகரங்களின் பெயரும் ஓர் எண்ணும் பொறித்தது 'பயணச் சீட்டு'.

பலகையில் ஐக்கிய அமெரிக்காவும் கனடாவின் தென்பகுதியும் வரையப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் 45 பெட்டிகள் உண்டு. எட்டு நிறங்களில் நிறத்துக்கு 12 ஆக 96 வண்டிக் கடதாசிகளும், 14 இயந்திரக் கடதாசிகளும் சேர்ந்து மொத்தம் 110 ஆகும். பயணச் சீட்டுகள் 30. தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 4 கடதாசிகள் கொடுத்து, 5 கடதாசிகளை எல்லோருங் காண மேசையில் விரித்து, மிகுதியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பின்னர் ஆளுக்கு 3 பயணச் சீட்டுகள் வழங்கப்படும். அவற்றுள் இரண்டையேனும் வைத்துக்கொள்ளல் வேண்டும். மூன்றையும் வைத்தாலும் குற்றமில்லை. பயணச் சீட்டைப் பிறர் காணலாகாது.

முதலிற் சொல்ல வேண்டியது எது?

விதிநூலை முதற் பக்கந் தொட்டு இறுதிப் பக்கம் வரை உரத்து வாசிப்பதைக் கற்பித்தல் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது ஆகாது. கேட்பவர் எதற்காகக் கேட்கின்றோம் என்பதை அறியாமையால், மூன்றாம் விதி சொல்லும்போது முதல் விதியை மறந்துவிடுவார். முதலிற் சொல்ல வேண்டியது நோக்கம். "உங்கள் கையிலுள்ள சீட்டிற் கண்ட இரண்டு ஊரையும் உங்கள் பெட்டிகளால் இணைக்க வேண்டும். இணைத்தால் அந்த எண் உங்களுக்கு வரவு. இணைக்காவிட்டால் அதே எண் உங்களுக்குக் கழிவு." இவ்வளவையும் கேட்ட மாத்திரத்தே எவருக்கும் ஆட்டம் பாதி விளங்கிவிடும்.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது, தம் முறை வந்தபோது என்ன செய்யலாம் என்பது. மூன்றாவது, ஆட்டம் எப்போது முடியும் என்பது. விலக்குகளையும் நுணுக்கங்களையும் கடைசியாகவே சொல்ல வேண்டும்; அவை தேவைப்படும் சமயத்திற் சொன்னாலும் போதும்.

முறைக்கு ஒரு செயல்

ஒருவர் தம் முறை வரும்போது மூன்று செயல்களில் ஒன்றையே செய்யலாம்.

முதலாவது, வண்டிக் கடதாசி எடுத்தல். விரித்துக் கிடப்பவற்றிலிருந்தோ கவிழ்த்த கட்டிலிருந்தோ இரண்டு எடுக்கலாம். விரித்துக் கிடக்கும் இயந்திரக் கடதாசியை எடுத்தால் அந்த ஒன்றோடு முறை முடிந்தது. கவிழ்த்த கட்டிலிருந்து அதிர்ஷ்டவசமாக இயந்திரம் வந்தாலோ அது ஒரு கடதாசியாகவே எண்ணப்படும், மற்றொன்றும் எடுக்கலாம்.

இரண்டாவது, பாதை பிடித்தல். பாதையில் எத்தனை கட்டமோ அத்தனை கடதாசிகளை, பாதையின் நிறத்திலேயே கொடுத்து, கட்டங்களிற் பெட்டிகளை வைக்க வேண்டும். சாம்பல் நிறப் பாதைக்கு எந்த நிறமும் ஆகும். ஆனால் கொடுக்கும் கடதாசிகள் அனைத்தும் ஒரே நிறமாக இருத்தல் வேண்டும். குறைவதை இயந்திரக் கடதாசியால் நிரப்பலாம். ஒரு முறைக்கு ஒரு பாதையே பிடிக்கலாம்.

மூன்றாவது, புதிய பயணச் சீட்டு எடுத்தல். மூன்றை எடுத்துப் பார்த்து ஒன்றையேனும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எவராவது ஒருவரிடம் இரண்டோ அதிற் குறைந்தோ பெட்டிகள் மிஞ்சும்போது, அவர் உட்பட எல்லோருக்கும் இன்னும் ஒவ்வொரு முறை உண்டு. அதனுடன் ஆட்டம் நிறைவுறும். பின்னர் பயணச் சீட்டுகளைத் திறந்து, நிறைவேறியவற்றைக் கூட்டி, நிறைவேறாதவற்றைக் கழிக்க வேண்டும். அறுபடாத மிக நீண்ட தொடரை உடையவருக்கு மேலும் 10 புள்ளிகள் உண்டு. விதிகள் ஏறக்குறைய இவ்வளவே!

கணக்கு சொல்லும் பாடம்

பாதையைப் பிடித்தவுடன் அதன் நீளத்துக்குத் தக்க புள்ளி கிடைக்கும். 1 கட்டத்துக்கு 1, 2க்கு 2, 3க்கு 4, 4க்கு 7, 5க்கு 10, 6க்கு 15. இவ்வெண்கள் ஒரே சீராக ஏறவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இதில் ஓர் இரகசியம் உண்டு.

ஆறு கட்டப் பாதை ஒன்றைப் பிடிக்க ஆறு கடதாசிகள் வேண்டும். முறைக்கு இரண்டாக எடுத்தால் மூன்று முறை. பிடிக்க ஒரு முறை. ஆக நான்கு முறையில் 15 புள்ளிகள். அதே ஆறு கடதாசிகளைக் கொண்டு இரண்டு கட்டப் பாதைகள் மூன்றைப் பிடித்தால், எடுக்க மூன்று, பிடிக்க மூன்று, ஆக ஆறு முறையில் 6 புள்ளிகளே கிடைக்கும். அப்படியானால் எல்லோரும் நீண்ட பாதைகளையே நாடுவதுதானே என்று கேட்கலாம். ஆனால், ஒரு நிறத்தில் இருப்பவை பன்னிரண்டே. அவற்றுள் ஆறு நம் கைக்கு வரும்வரை காத்திருக்கும் வேளையில், குறுகிய பாதையைப் பிறர் பிடித்து நம் வழியை அடைத்துவிடுவர். பொறுமைக்கும் விரைவுக்கும் இடையே நிகழும் இப்போராட்டமே விளையாட்டின் சுவை.

ரொறன்ரோவிலிருந்து மியாமிக்கு

ஓர் உதாரணத்தாற் காண்போம். நம்மவர் பலர் வாழும் ரொறன்ரோ நகரமும் பலகையில் உண்டு. ரொறன்ரோவையும் மியாமியையும் இணைக்குமாறு பணிக்கும் பயணச் சீட்டொன்றின் மதிப்பு 10. ரொறன்ரோவிலிருந்து பிற்ஸ்பேர்க், அங்கிருந்து ராலே, அங்கிருந்து சார்ள்ஸ்ரன் ஆகிய மூன்று பாதைகளும் ஒவ்வொன்றும் 2 கட்டம். சார்ள்ஸ்ரனிலிருந்து மியாமிக்கு 4 கட்டம். ஆக 10 பெட்டிகள். பாதைகளால் வரும் புள்ளிகள் 2, 2, 2, 7; மொத்தம் 13. சீட்டின் 10ஐயும் சேர்த்தால் 23.

இனி, கடைசிப் பாதையாகிய சார்ள்ஸ்ரன்–மியாமியை வேறொருவர் முந்திப் பிடித்துவிட்டார் என்று கொள்வோம். அவ்வளவில் நின்றுவிட்டால் கையில் 6 புள்ளிகள். சீட்டால் 10 கழியும். முடிவு 4 புள்ளிக் கடன். அடுத்த ஊர் மியாமியாய் இருந்தும் பயனில்லை. முக்காற் பங்கு வழி கடந்தவனுக்கு முக்காற் பங்கு புள்ளி என்ற விதி இவ்விளையாட்டில் இல்லை. ஆனால் மாற்றுவழி உண்டு. ராலேயிலிருந்து அற்லாந்தா 2 கட்டம். அற்லாந்தாவிலிருந்து மியாமி 5 கட்டம். இன்னும் 7 பெட்டிகள் செலவிட்டாற் பயணம் நிறைவேறும். செலவு கூடினும் 5 கட்டப் பாதைக்கு 10 புள்ளி உண்டாதலால் நட்டம் பெரிதன்று. வழி அடைபட்டவுடன் முகஞ் சுளிக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கைக் காட்டினால், அழுகை தானே அடங்கிவிடும்.

இடறும் இடங்கள்

புதிதாகக் கற்பவர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் சிலவற்றை இங்கே குறித்து வைப்போம்.

புதிய பாதை, முன்பு பிடித்த பாதையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டுமென்று பலர் எண்ணுவர். அவ்வாறு விதியில்லை, பலகையில் எங்கும் பிடிக்கலாம். கையில் இத்தனை கடதாசிகள்தாம் வைத்திருக்கலாம் என்ற வரையறையும் இல்லை. முதலிற் சாதாரணக் கடதாசி ஒன்றை எடுத்தபின், இரண்டாவதாக விரித்துக் கிடக்கும் இயந்திரத்தை எடுத்தல் கூடாது. விரித்த ஐந்தில் மூன்று இயந்திரமாகிவிட்டால் ஐந்தையும் அகற்றிப் புதிதாக ஐந்து விரிக்க வேண்டும்.

சில நகரங்களுக்கிடையே இரட்டைப் பாதைகள் உண்டு. அவையிரண்டையும் ஒருவரே பிடித்தல் ஆகாது. இருவரோ மூவரோ ஆடும்போது ஒன்று பிடிக்கப்பட்டவுடன் மற்றது மூடப்பட்டதாகும். இவ்விதியை ஆட்டத்தின் நடுவில் நினைவுபடுத்தினாற் சண்டை வரும். தொடங்குமுன் சொன்னால் வராது. பெரும்பாலான சச்சரவுகள் விதி கடுமையாய் இருப்பதால் விளைவதில்லை, விதி பிந்திச் சொல்லப்படுவதால் விளைகின்றன என்பது நம் துணிபு. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். அக்குற்றச்சாட்டுக்கு இடம் வையாமல், கூடத்தை முதலிலேயே நேராக்கி வைப்பது கற்பிப்பவரின் கடமை.

முதல் ஆட்டத்தில் மூன்று சுற்றுக்களை எல்லோரும் கடதாசிகளைத் திறந்து வைத்தே ஆடுவது நல்ல பழக்கம். "ஆச்சி, இந்த முறை கடதாசி எடுக்கிறியளோ, பாதை பிடிக்கிறியளோ?" என்று பேரன் கேட்பதும், ஏன் என்று அவர் திருப்பிக் கேட்பதும் பத்துப் பக்க விதிநூலினும் மேலான பாடமாகும். நான்காம் சுற்றில் எவருக்கும் துணை வேண்டியிராது.

முந்நூற்று நாலு அறிந்தவர்களுக்கு

முதியோருக்கு இஃதெல்லாம் ஏறாது என்று இளைஞர் சிலர் கருதுகின்றனர். அவர்கள் அப்புவையும் ஆச்சியையும் நன்கு அறியாதவர்கள். நம்மூர்த் திண்ணைகளிற் பன்னெடுங்காலம் ஆடப்பட்டுவரும் முந்நூற்று நாலு என்னும் கடதாசி விளையாட்டை எண்ணிப் பாருங்கள். அதிலே ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனத்துக்கும் 304. ராஜாவை ஒன்பது வெல்லும் அவ்விநோதத்தை மனத்தில் இருத்தி, கேள்வி கேட்டு, துரும்பை மறைத்து வைத்து, எவர் கையில் எது போயிற்று என்று கணக்கு வைத்து ஆடுகின்றவருக்கு, இப்புகையிரத விளையாட்டின் விதிகள் எம்மாத்திரம்?

உண்மையில், மறைத்த துரும்பும் மறைத்த பயணச் சீட்டும் ஒரே வகையின. எதிரி எந்த நிறத்தைச் சேர்க்கிறார், எந்தத் திசையிற் பெட்டி வைக்கிறார் என்பதிலிருந்து அவருடைய சீட்டை ஊகிப்பது, முந்நூற்று நாலிற் பழகிய கண்ணுக்கு எளிதாகவே அமையும். ஆங்கில விதிநூலை வாசிக்கத் தெரிந்தது பேரப்பிள்ளையின் பலம். பிறர் கையை வாசிக்கத் தெரிந்தது அப்புவின் பலம். ஒருவருக்கொருவர் ஆசிரியராகும் வாய்ப்பு, வேறெங்கும் இத்துணை இயல்பாகக் கிடைப்பதரிது.

மெய்ப் பாதையிலும் விதியுண்டு

ஒருவர் பிடித்த பாதையில் மற்றொருவர் பெட்டி வைக்கலாகாது என்ற விதி, வெறும் விளையாட்டுக்காகப் புனைந்ததன்று. ஒற்றைப் பாதையில் இரண்டு புகையிரதங்கள் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தடுக்க, இலங்கைப் புகையிரதப் பகுதியார் 'டப்லட்' எனப்படும் உலோகத் தட்டைக் கையாண்டு வந்துள்ளனர். அடுத்த நிலையத்தின் அதிபர் இசைந்தாலன்றி இயந்திரத்திலிருந்து அத்தட்டு வெளிவராது. தட்டுக் கையில் இல்லாமற் சாரதி அப்பகுதிக்குள் புகுதல் கூடாது. ஒரு பகுதிக்கு ஒரு வண்டி என்ற சிறு விதி ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்து நிற்பது. விதி என்பது இன்பத்துக்குப் பகையன்று, அஃது இன்பத்தைத் தாங்கும் தண்டவாளம் என்பதைப் பிள்ளைகளுக்கு இவ்வாறு விளக்கலாம்.

அறுந்த பாதையும் மீண்ட பாதையும்

நிறைவேறாத சீட்டுக்குக் கழிவு உண்டென்று சொன்னோம். யாழ்ப்பாணத்தாருக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902இல் முதற் புகையிரதம் ஓடிற்று. 1905இல் வடபகுதிப் பாதை முழுமையுற்றுக் கொழும்போடு இணைந்தது. 1956இல் 'யாழ்தேவி' ஓடத் தொடங்கிற்று. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போரினால் யாழ்ப்பாணச் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டன, நிலையங்கள் பாழாயின. பின்னர் 2013இல் கிளிநொச்சி வரையும், 2014 மார்ச்சில் பளை வரையும், அதே ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியிற் காங்கேசன்துறை வரையும் பாதை மீண்டும் திறக்கப்பட்டது.

இடையிற் கழிந்தவை 24 ஆண்டுகள். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, புகையிரதத்தைத் தன் ஊரிற் காணாமலே இளைஞனாயிற்று. விளையாட்டிற் பாதை அடைபட்டாற் பத்துப் புள்ளி போகும். நாட்டிற் பாதை அறுந்தால் ஒரு தலைமுறையின் பயணங்களே போய்விடும். பலகையின் மேல் ஒரு பாதையை முடித்து மகிழும் சிறுவனுக்கு, ஒரு பாதையைக் கட்டுவதும் காப்பதும் எத்துணைப் பெரிய காரியம் என்பதை இவ்வரலாற்றோடு சேர்த்துச் சொல்வது பெற்றோர் கடன்.

தீவகத்துக்கு ஒரு வரைபடம்

இவ்விளையாட்டுக்கு வேறு நாட்டு வரைபடங்களும் வந்துள்ளன. 2005இல் வெளியான ஐரோப்பியப் பதிப்பிற் கடற்பாதை என்றொரு புது விதி சேர்ந்தது. கடலைக் கடக்கும் பாதையில் இயந்திரப் படம் எத்தனை உண்டோ, அத்தனை இயந்திரக் கடதாசிகளைக் கட்டாயம் கொடுத்தல் வேண்டும். கடல் கடப்பது தரையிற் செல்வதினும் அரிது என்பதே அதன் கருத்து. குறிகட்டுவானிற் காற்றுக்கும் அலைக்கும் காத்துநின்றவர்கள் இவ்விதியைப் படிக்கும் முன்னரே அறிந்திருப்பர்! 2011இல் வெளிவந்த மற்றொரு பலகையின் ஒரு பக்கத்தில் இந்தியாவும் மறுபக்கத்திற் சுவிற்சர்லாந்தும் உள்ளன. இந்தியப் பக்கம் 1911ஆம் ஆண்டின் இருப்புப் பாதைகளைத் தழுவியது. சுவிற்சர்லாந்திலிருந்து வரும் பேரப்பிள்ளை ஒரு பக்கத்தில் தான் வாழும் நாட்டையும், மறுபக்கத்திற் பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள அயல்நாட்டையும் காணலாம்.

விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. நம் நாட்டு வரைபடத்தை வைத்து வீட்டிலேயே ஒன்றைச் செய்துகொள்ளலாம். தடித்த அட்டை ஒன்றில் இலங்கையை வரையுங்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, பளை, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை என வடபாதையைக் குறியுங்கள். பொல்காவலையிற் கண்டிக்கும் மலைநாட்டுக்கும், மாகோவில் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும், மதவாச்சியில் மன்னாருக்கும் தலைமன்னாருக்கும் பாதை பிரியும். தெற்கே காலிக்கும் மாத்தறைக்கும் ஒன்று. ஊர்களுக்கிடையேயுள்ள தூரத்தைத் தேசப்படத்தில் அளந்து, தூரத்துக்குத் தக ஒன்று முதல் ஆறு வரை கட்டங்கள் இடுங்கள். பூமிசாத்திரப் பாடம் தானே மனத்திற் பதிந்துவிடும்.

அவ்வரைபடத்தை 1960ஆம் ஆண்டுக்குரியதாகக் கொண்டால் மற்றொரு சிறப்பும் உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையிலிருந்து புகையிரதத்தில் தனுஷ்கோடிக்கு வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடியும் புகையிரதத்திற் கொழும்புக்குச் செல்லும் வசதி இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்கு முந்திய படத்தில் தலைமன்னார்–தனுஷ்கோடிக் கடற்பாதைக்கு இடமுண்டு. வடக்கே, யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு தரைப்பாதையும், அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடற்பாதைகளும் சேர்த்துவிடுங்கள். அது புகையிரதப் பாதையன்று என்று எவரேனும் வாதிட்டால், விளையாட்டில் ஆசைக்குத் தடையில்லை என்று சொல்லிவிடலாம். நெடுந்தீவிலிருந்து மாத்தறைக்கு ஒரு பயணச் சீட்டு எழுதினால், அதைவிட நெடிய சீட்டு வேறெது?

பெட்டிகளுக்குப் பதில் சாயந் தோய்த்த ஈர்க்குத் துண்டுகள் போதும். கடதாசிகளுக்குப் பழைய அட்டைகள் ஆகும். நாடு சிறிதாகையால் ஆளுக்கு 45 துண்டு மிகையாகலாம். 25 அல்லது 30இல் தொடங்கி, இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: மாற்றங்களை ஆட்டத்துக்கு முன் எல்லோரும் இசைந்து ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுகிறவர், ஓடும் வண்டியின் முன் தண்டவாளத்தைப் பெயர்ப்பவருக்கு ஒப்பாவார்.

பிறர் வகுத்த விதியைச் செவ்வனே கற்பது முதற்படி. அதைத் தமிழிற் தெளிவாகப் பிறருக்குச் சொல்வது இரண்டாம் படி. நம் ஊருக்கு ஏற்ற விதியை நாமே வகுத்து, நமக்கு இழப்பு வரும்போதும் அதற்குக் கட்டுப்படுவது மூன்றாம் படி. மாணவ நண்பர்கள் இம்மூன்று படிகளையும் வரும் விடுமுறையில் ஏறிப் பார்ப்பார்களாக. மேசையின் ஒரு பக்கத்தில் ஆச்சிக்கு ஓர் இடம் வைக்க மறவாதிருப்பார்களாக. பெரும்பாலும் வெற்றி பெறப்போகின்றவர் அவரே.